சகோதரர் டில்லட்சன், தொழில்: ரேடியோ

தோர்ன்ஷா, யார்க்ஷர்
8 மார்ச் 1981

அன்பு மருமகள் பெவர்லிக்கு மாமா ஹொரஸ் எழுதிக்கொண்டது.

இதில் நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவனும் நம்பப்போவதில்லை. இதைத் தோர்ன்ஷா தொழிலாளர் கிளப்பின் நிகழ்ச்சிச் செயலாளர் என்ற முறையில், சூதாட்ட நம்பர் குலுக்கும் பிங்கோ எந்திரத்தின் மேல் வலது கையை வைத்து, முழுப் பொறுப்போடு உறுதி கூறுகிறேன். நம்பாதவர்களில் நீதான் முதல் ஆள் என்பதும் தெரியும். என் தங்கை டொரீன் வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாய்?

இரண்டரை ஆண்டுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாட வேண்டியவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் உன்னை நம் கிளப் மேடையில் ஏற்றினேன். உனக்கு இருபத்திரண்டு வயது, முதல் மேடை. நான்காவது நிமிஷம், நீ ஒரு ஜோக்கின் நடுவில் இருக்கும்போது, நான் என் மூலையிலிருந்து மைக்கைப் பிடித்து "கறி பை வந்தாச்சு!" என்று அறிவித்தேன். இருநூறு பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வரிசையில் போய் நின்றார்கள். நீ மேடையிலேயே நின்றாய். மறுநாள் லண்டன் பஸ் ஏறினாய். அதற்கப்புறம் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடக் கிடையாது.

நடந்ததைக் கேள். அன்று வந்தது சாதாரணக் கறி பை அல்ல. மாவுக் கிண்ணத்துக்குள் பன்றிக்கறியை அடைத்து மூடிச் சுடும் அந்த எளிய பண்டத்தை, நம் பேக்கரிக்காரர் அன்றைக்கு வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுட்டிருந்தார். ஒவ்வொன்றையும் நான்கு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். கிளம்பிய ஆவியில் கிளப்பின் கூரை ஓரடி எழும்பி மறுபடி உட்கார்ந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் தாமதித்திருந்தால் மேல்மூடி வெடித்து, உள்ளே கொதித்த குழம்பு வெள்ளமாகப் பாய்ந்து, கீழ்த்தெருவில் ஏழு குடும்பங்களை அடித்துக்கொண்டு போயிருக்கும். ஏழு குடும்பம் ஒரு பக்கம், உன் ஜோக் ஒரு பக்கம். நீயே சொல்.

சரி, இப்போது என் வழக்கு. நம் கிளப் தலைவர் எஃப்ரைம் கிளெக்கின் மருமகன் லாரி ஓட்டிக்கொண்டு லண்டன் போனவன், ஏதோ ஒரு மதுக்கடையின் மாடியில் ஒரு பெண்ணைப் பார்த்தானாம். காலில் சுரங்கக்காரன் பூட்ஸ், மேலே ஆம்பிளைக் கோட்டு, சீப்பே படாத தலை. என் குரலில், என் மூக்கால், "கறி பை வந்தாச்சு!" என்று கத்தினாளாம். அறுபது பேர் தரையில் உருண்டார்களாம். பெயர் பெவ் கிரேவியாம்! நல்லவர்களும் சில திருடர்களுமாகச் சேர்ந்து நானூறு ஆண்டு கட்டிக் காத்த டில்லட்சன் என்ற பெயரை உதறிவிட்டு, குழம்பின் பெயரையா வைத்துக்கொள்வாய்?

உடனே நிறுத்து. நிறுத்த முடியாவிட்டால் சரியாகவாவது செய். நான் "வந்தாச்சு"வில்தான் இழுப்பேன், "கறி"யில் அல்ல.

உன் மாமா,
ஹொரஸ் ஆக்ராய்ட்

*

லண்டன்
19 மார்ச் 1981

மாமா,

கூரை எழும்பவில்லை. நான் அதற்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் பேசும் இடத்தில் மேடை ஓரமாக ஒரு வெண்கலச் சேகண்டி தொங்கும். கூட்டத்துக்குப் பிடிக்காவிட்டால் கத்துவார்கள், சேகண்டி அடிப்பார்கள், இறங்கிப் போய்விட வேண்டியதுதான். என்னைப் பதினெட்டு முறை அடித்து இறக்கினார்கள். "ஏய் யார்க்ஷர், ஆட்டுக்குத் தீனி போட்டுட்டுதான் வந்தியா?" என்று ஒருவன். "இவளுக்கு மொழிபெயர்க்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று இன்னொருவன். பத்தொன்பதாவது முறை சேகண்டிக்காரன் கையை ஓங்கிவிட்டான். வாயைத் திறந்தேன். உங்கள் குரல்தான் வந்தது. "கறி பை வந்தாச்சு!" ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து வாரத்துக்கு ஐந்து மேடை.

இங்கே நாங்கள் ஒரு பிடிவாதத்தில் இருக்கிறோம். மாமியார் ஜோக் கிடையாது. ஐரிஷ்காரன் ஜோக் கிடையாது. தோல் நிறத்தை வைத்து ஜோக் கிடையாது. அத்தனையும் கழித்துப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது நீங்கள்தான். பத்திரிகைக்காரர்கள் இதற்கு "மாற்று நகைச்சுவை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதற்கு மாற்று என்று யாராவது கேட்டால் உங்கள் போட்டோவைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நான் எந்த ஜோக்கின் நடுவில் இருந்தேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

பெவ்

பி.கு. இழுப்பைச் சரிசெய்துவிட்டேன். நன்றி.

*

தோர்ன்ஷா
11 நவம்பர் 1984

மருமகளே,

மூன்றரை ஆண்டாக நான் பதில் எழுதாதது உன் கடிதம் தபாலில் தொலைந்ததால்தான். பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதால் தொலைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நம் ஊர் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்துக்கு இது எட்டாம் மாதம். நம் கிளப் இப்போது கஞ்சித்தொட்டி. மேடை மேல் உருளைக்கிழங்கு மூட்டை, பிங்கோ மேஜையில் வெங்காயம். உன் அம்மா உரித்த கிழங்குத் தோலை நீளமாக ஒட்டினால் நார்வே வரைக்கும் போகும்.

நேற்று உன் லாரி வந்தது. ஷெஃபீல்டில் நீயும் உன் சேகண்டிக் கூட்டமும் நடத்திய நிகழ்ச்சியின் வசூலில் வாங்கியதாம், நூற்றிப்பதினான்கு பெட்டி டின் சாப்பாடு. ஒவ்வொரு பெட்டி மேலும் சிவப்பு மையில் கொட்டை எழுத்து: கறி பை வந்தாச்சு.

கிளெக் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா ஹொரஸ், இது உன் மருமவ பண்ற கூத்துதானே?" என்றார். 1953க்குப் பிறகு அந்த முகம் சிரித்து நான் பார்த்ததில்லை. வாயோரம் கொஞ்சம் கிழிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம்.

இது முழுக்க என் ஏற்பாடு, நீ லண்டனில் என் கிளை அலுவலகம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். மறுக்காதே.

ஹொரஸ்

*

லண்டன்
2 மே 1987

அன்புள்ள மாமா,

கிளை அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி. தேசிய வானொலியில் சனிக்கிழமைக் காலை ஒரு மணிநேரம் எனக்கே எனக்கு. போன மாதம் தொடங்கியது.

ஒலிபரப்புக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் கூப்பிட்டு, என் ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுக்கொள்ளச் சொன்னார். "கேக்கறவங்களுக்குப் புரியணும் இல்லையா?" என்றார். "எங்க ஊர்ல உங்களை நாங்க நாப்பது வருஷமாப் புரிஞ்சிக்கிட்டுதானே இருக்கோம், இனிமே நீங்க கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்றேன். அவர் முகம் சிவந்தது, ஆனால் என் வேலை போகவில்லை.

முதல் நிகழ்ச்சியில் பயந்தே போனேன். சிவப்பு விளக்கு எரிந்தது, வாய் திறக்கவில்லை. வானொலியில் பத்து விநாடி மௌனமாக இருந்தால் எங்கோ ஓர் எந்திரம் தானாகவே வயலின் வாசிக்க ஆரம்பித்துவிடும், அத்தோடு நம் மானம் போயிற்று. எட்டாவது விநாடியில் சொன்னேன்: "மன்னிக்கணும். எங்க மாமா இருந்தா இந்நேரம் பிங்கோ நம்பர் சொல்ல ஆரம்பிச்சிருப்பாரு." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சினியர் குனிந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஒரு மணிநேரம் போனதே தெரியவில்லை.

லெஸ்டரில் ஒரு பஸ் டிரைவர் கடிதம் போட்டிருக்கிறார், நிகழ்ச்சி முடியும்வரை பஸ்ஸை நிறுத்தத்தில் வைத்திருந்தாராம், பயணிகளும் இறங்கவில்லையாம். கடிதத்தை அம்மாவுக்கு அனுப்பினேன்.

நீங்கள் கேட்பதில்லை என்று அம்மா சொல்கிறாள். சனிக்கிழமை காலையில் புறாக்கூண்டுக்குப் போய்விடுகிறீர்களாம். பரவாயில்லை. சும்மா சொன்னேன்.

பெவ்

*

தோர்ன்ஷா
12 பிப்ரவரி 1989

மருமகளே,

உன் நிகழ்ச்சியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் போன ஜூன் மாதம் அந்த மந்திரியைப் பேச விட்டுவிட்டு நீ "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தாயே, அது அருமை. அதற்கடுத்த வாரம் குதிரைக்காரியோடு பேசியது நீளம். நவம்பரில் உனக்குச் சளி, அதோடு பேசியிருக்கக் கூடாது. சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போகிறாய், ஆறு விஷயம் சொல்வதற்குப் பதில் ஐந்து சொல். என் புறாக்கள் உன் குரல் கேட்டால்தான் தீனி எடுக்கின்றன, அதற்காக ஒரு சின்ன ரேடியோ வாங்கி வைத்தேன். நான் கூண்டுக்கு வெளியே நிற்பேன். கதவு திறந்திருக்கும். அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற செப்டம்பர் 24 நம் கிளப்புக்கு எழுபத்தைந்து நிறைகிறது. ஞாயிறு மத்தியானம் பெரிய விழா. கடைசி ஆட்டம் பெவ் கிரேவி, அதை வானொலியிலும் போட வேண்டும் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. பதினொரு பேரும்! கிளெக்கே சொன்னார், "கூப்பிடுப்பா அவளை, நம்ம ஊரு புள்ளதானே." நாற்பதாயிரம் பேர் தேர் இழுக்கிற மாதிரி உன்னை ரயில் நிலையத்திலிருந்து இழுத்துவர ஏற்பாடு செய்கிறேன்.

வா.

ஹொரஸ்

*

லண்டன்
20 பிப்ரவரி 1989

அன்புள்ள மாமா,

ஐந்து விஷயம். சரி, குறித்துக்கொண்டேன்.

வர ஆசைதான். வானொலிக்காரர்களும் குதிக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை.

நம் கிளப்பில் பார் அறைக்கு முன்னால் தரையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது, ஓட்டுக் கிடையாது, ஸ்னூக்கர் மேஜையைத் தொடக் கூடாது. நான் மேடை ஏறலாம், நாட்டுக்கே கேட்கும்படி பேசலாம், பிறகு இறங்கி ஒரு கிளாஸ் பீர் வாங்கக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு யாராவது ஓர் ஆணைக் கெஞ்ச வேண்டும். முடியாது. முழு உறுப்பினராக வருகிறேன், இல்லையென்றால் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பத்து வருஷமாக வைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கிளப் சமையலறையில் இருந்தாள். கறி பை வண்டி வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது மாமா. இருநூறு பேரும் வெறும் தட்டோடு நின்றார்கள். வராத பையை வந்தது என்று சொன்னீர்கள்.

ஏன்?

பெவ்

*

தோர்ன்ஷா
17 ஏப்ரல் 1989

முழு உறுப்பினர் பெவர்லி டில்லட்சன் அவர்களின் சமூகத்துக்கு!

நிமிர்ந்து உட்கார். இத்துடன் உன் உறுப்பினர் அட்டை. கோட்டைகள் பலவற்றை வென்ற தளபதிகள் என் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டிய வேலை இது.

விண்ணப்பப் படிவத்தில் பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர், தொழில், இந்த மூன்றே கட்டங்கள்தான். நீ ஊருக்குப் பெவ் கிரேவி. டில்லட்சன் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எழுதினேன், ஒட்டினேன், பதினான்கு நாள் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. குழுக் கூட்டத்தில் எல்லோரும் தொண்டை வறண்டு பாருக்குப் போகத் துடிக்கும் நேரத்தில் பொருளாளர் வாசித்தார்.

"டில்லட்சன், பி. தொழில்: ரேடியோ."

"எந்த டில்லட்சன்பா?" என்றார் கிளெக்.

"இந்த ஊர்ல கண்ண மூடிக்கிட்டுக் கல்லெறிஞ்சா ஒரு டில்லட்சன் மேலதான் விழும். யாராயிருந்தா என்ன, ரேடியோ ரிப்பேர்க்காரன்" என்றார் பொருளாளர்.

"ரிப்பேர்னு எங்க போட்டிருக்கு?"

"ரேடியோவ ரிப்பேர் பண்ணாம வேற என்னத்தப் பண்ணுவாங்க? நம்ம மைக்கு ஆறு மாசமா கொர்ருங்குது. சேத்துக்குங்க. கையத் தூக்குங்கப்பா, தாகம் எடுக்குது."

பதினொரு கை! என்னுடையது இரண்டையும் தூக்கினேன், ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

வெற்றிவீரன்,
ஹொரஸ்

*

லண்டன்
25 ஏப்ரல் 1989

அன்புள்ள மாமா,

அட்டையில் "சகோதரர் பி. டில்லட்சன்" என்றிருக்கிறது. உள்ளே பொருளாளர் கையால் ஒரு துண்டுச் சீட்டு: "சகோதரரே, வரும்போது ஸ்க்ரூடிரைவர் எடுத்துவரவும்."

ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். பிறகு அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "ஆம்பளைன்னு நெனச்சுதானடி உன்ன உள்ள விட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கிளப்பைக் கழுவியவள் மாமா அவள்.

அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒளிந்து உள்ளே போக எனக்கு வேண்டாம். பெண் என்று தெரிந்து கை தூக்கட்டும். இல்லையென்றால் விழாவுக்கு வேறு ஆள் பாருங்கள்.

என் "ஏன்?" இன்னும் அங்கேயே நிற்கிறது.

பெவ்

*

தோர்ன்ஷா
3 மே 1989

பெவர்லி,

இதை மூன்றுமுறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் யானை, வெள்ளம் என்று ஏதாவது வந்து நுழைந்துகொண்டது.

பை வரவில்லை. நீ சொன்னது சரி.

எந்த ஜோக் என்று கேட்டிருந்தாய். ஞாபகம் இருக்கிறது. உன் அம்மா காலையில் கிளப்பைக் கழுவுவதைப் பற்றிச் சொன்னாய். வெள்ளைக் கோடு வரைக்கும் துடைப்பமும் கையுமாக வருகிறாள், கோட்டுக்கு முன்னால் நிற்கிறாள், அந்தப் பக்கமும் அழுக்குதான். அப்புறம் சொன்னாய்: "கோட்டுக்கு அந்தாண்ட கழுவுற வரைக்கும் எங்கம்மா ஆம்பள. வாளியக் கீழ வச்சதும் பொம்பள."

இருநூறு பேர் சிரித்தார்கள். தங்களைப் பார்த்தே சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு அந்த அறையில் நான் கேட்டதில்லை. இருபத்தெட்டு வருஷம் அந்த மைக்கில் பேசியிருக்கிறேன், எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நீ அடுத்த வரிக்கு வாய் திறந்தாய். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை மைக்குக்குப் போனது.

இதுதான் ஏன்.

ஜூன் 11 ஆண்டுப் பொதுக்கூட்டம். படிவத்தில் நான் செய்ததை எழுந்து சொல்லப்போகிறேன். பெண்களைச் சேர்க்கத் தீர்மானமும் கொடுத்துவிட்டேன்.

ஹொரஸ்

*

லண்டன்
8 மே 1989

மாமா,

கடிதம் கிடைத்தது. நிறைய நேரம் கையில் வைத்திருந்தேன்.

பதினொன்றாம் தேதி நான் வரலாம், ஆனால் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே இங்கிருந்தே சொல்கிறேன். எழுந்ததும் முதல் ஒரு நிமிஷம் ஒரு பொய்கூடச் சொல்லாதீர்கள். உங்களால் முடியும். நான் நேரலையில் பார்த்திருக்கிறேன், முதல் நிமிஷம்தான் கஷ்டம்.

பெவ்

*

தோர்ன்ஷா
12 ஜூன் 1989

மருமகளே,

ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தேன். மணி பார்த்துக்கொண்டேன்.

நூற்றி நாற்பத்து மூன்று பேர். படிவத்தில் ஏமாற்றியதைச் சொன்னேன். "ஸ்க்ரூடிரைவர் கேட்டீங்களே, அது பெவ் கிரேவி" என்றதும் பொருளாளர் முகம் போன போக்கு! பிறகு பத்து வருஷத்துக்கு முன் நான் செய்ததைச் சொன்னேன். அன்றைக்கு நீ சொன்ன ஜோக்கை, நீ சொன்னபடியே, திருப்பிச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஹொரஸ், உக்காருப்பா" என்றார் கிளெக். "விழாவுக்கு ஆள் வேணும்னா வேற ஆளா இல்ல?"

"அவ வேற ஆளு இல்ல எஃப்ரைம். வேலைநிறுத்தத்துல உங்க வீட்டுக்கு வந்த டின்ன நீங்க கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்னு தின்னீங்க?" என்றேன்.

அப்போதுதான் வாசல்காரன் ஆல்பி சமையலறைக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினான். பாவம், அவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. "கறி பை வந்தாச்சு!" என்றான்.

இந்தமுறை நிஜமாகவே வந்திருந்தது. ஆவி பறந்தது. வாசனை கூடத்தை நிறைத்தது. நூற்றி நாற்பத்து மூன்று பேரில் ஒருவன் அசையவில்லை. பின் வரிசையில் யாரோ முதலில் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் சிரித்தான், அப்படியே முன்னால் பரவி வந்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. உன் ஜோக்குக்குத்தான். கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

எழுபத்து நான்கு, அறுபத்தொன்பது. தீர்மானம் நிறைவேறியது. உன் பெயர், உன் அம்மா பெயர் இரண்டும் அங்கேயே எழுதப்பட்டன, முழுப் பெயராக. கோட்டைச் சுரண்டி எடுக்க உளி போதாதாம், அவ்வளவு வருஷப் பெயின்ட்.

ஒரு சின்னச் சங்கடம். பொய்ப் படிவம் கொடுத்ததற்காக எனக்கு ஆறு மாதம் இடைநீக்கம். செயலாளர் பதவியும் போயிற்று. கிளெக் அறுபத்தொன்பதில் ஒருவர், ஆனால் தீர்ப்பில் தவறில்லை, நான் அவர் இடத்தில் இருந்தால் தூக்கில் போட்டிருப்பேன். செப்டம்பர் 24க்கு உள்ளே வர முடியாது. புறாக்கூண்டில் ரேடியோ இருக்கிறது.

ஹொரஸ்

*

லண்டன்
20 ஜூன் 1989

அன்புள்ள மாமா,

புறாக்கள் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

புது அட்டையோடு கிளப் விதிப்புத்தகமும் வந்தது. "பெவர்லி டில்லட்சன்" என்று போட்டிருக்கிறார்கள். "சகோதரர்" என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, மேலே பேனாவால் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள், என்ன எழுதுவதென்று தெரியவில்லை போல.

விதி 31 படித்தேன். ஓர் உறுப்பினர் தன் பொறுப்பில் ஒரு விருந்தினரை அழைத்துவரலாம், வாசலில் இருக்கும் புத்தகத்தில் உறுப்பினர் கையெழுத்துப் போட வேண்டும். இடைநீக்கத்தில் இருப்பவரை அழைக்கக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. கிளெக்குக்கு போன் செய்து கேட்டேன். அரை நிமிஷம் மௌனம். வானொலியாக இருந்தால் வயலின் வந்திருக்கும். "விதியில இல்லதான்" என்றார். "ஆனா அவன் ஒழுங்கா நடந்துக்கணும். பொறுப்பு உன்னுது."

விழா அன்று காலையிலேயே ஒலிப்பதிவுக்காரர்களோடு உள்ளே போய்விடுவேன், போகும்போது கையெழுத்துப் போட்டுவைக்கிறேன். நீங்கள் பன்னிரண்டு மணிக்கு வாருங்கள். கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் என் விருந்தாளி.

பெவ்

*

தோர்ன்ஷா
25 செப்டம்பர் 1989

நாடு போற்றும் என் மருமகளே,

நேற்று நீ மேடையில் மும்முரமாக இருந்ததால் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. வரலாற்றுக்காக எழுதிவைக்கிறேன்.

நான் எட்டு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் வந்தேன். முன்னால் முன்னூறு பேர் பித்தளை வாத்தியம், பின்னால் மூன்று மாவட்டத்து மேயர்கள் நடந்து. வழியெல்லாம் பெண்கள் ஜன்னலிலிருந்து மேஜை விரிப்புகளை வீசினார்கள், நான் பெருந்தன்மையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். நீ பேசிய நாற்பது நிமிஷத்தில் சிரிப்பின் அதிர்ச்சியில் ஸ்னூக்கர் மேஜையின் ஒரு கால் முறிந்தது. கிளெக்கின் பல்செட் கழன்று பறந்து, கடைசியாகப் பார்த்தவர்கள் லீட்ஸ் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். உன் அம்மா பார் மேல் முழங்கையை ஊன்றி நின்றதைப் பார்த்துப் பதினேழு ஆண்கள் மயங்கி விழுந்தார்கள், அவள் அவர்களைத் தாண்டிப்போய் இன்னொரு கிளாஸ் வாங்கினாள். கைத்தட்டல் மூன்று நாள் நீடித்தது. விழா நேற்றுத்தான் என்ற கணக்கெல்லாம் என்னிடம் வேண்டாம். நீ சொன்ன விஷயங்கள் சரியாக ஐந்து.

எல்லாம் பொய். ஐந்து என்பதுகூடப் பொய், ஆறு சொன்னாய், ஆறாவதுதான் நன்றாக இருந்தது.

ஒரே ஒரு துண்டு மட்டும் நிஜம். பன்னிரண்டு மணிக்குப் பேருந்தில் வந்து இறங்கினேன். வாசலில் ஆல்பி. முப்பது வருஷம் என்னோடு உட்கார்ந்து குடித்தவன், என் மகள் கல்யாணத்தில் விழுந்து எழுந்தவன், என்னை முன்பின் பார்த்தறியாதவன் போல மேலும் கீழும் பார்த்தான். எனக்குப் பின்னால் தெருவரைக்கும் வரிசை. புத்தகத்தை விரலால் தடவிக்கொண்டு, "யாருங்க நீங்க? எந்த உறுப்பினரோட விருந்தாளி?" என்றான்.

என் வாயில் குதிரையும் மேயரும் தயாராகத்தான் இருந்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. "பெவர்லி டில்லட்சன்" என்றேன். "என் தங்கச்சி மவ."

ஆல்பி கேட்டது ஒருமுறைதான். இரண்டாவது முறை நானாகவே சொன்னேன், திரும்பி நின்று, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.

உன் மாமா,
ஹொரஸ் ஆக்ராய்ட்